குதிரையிடம் சொன்னது

ஊறிய கொள்ளின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், எண்பது வயதைத் தாண்டிய நான் ஒன்பது வயதுக்காரியாகிவிடுவேன்; திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் தேங்காய்க் கடையும், எதிரே புளியமரத்தடியில் குதிரை ஜட்கா ஸ்டாண்டும், மேலேயிருந்து இறங்கிவரும் மணியோசையும் பனிக்குள்ளிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வரும். நாற்பதுகளில் ஒரு மார்கழி அது. அந்த மாதம் பல நாள் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்த்திகையில் என் நாலு வயதுத் தம்பி கோபி விஷக்காய்ச்சலில் கிடந்தான். கஞ்சியைத் தவிர எதுவும் கூடாது என்று வைத்தியர் பத்தியம் சொல்லியிருந்தார். யாரோ கடையில் கொடுத்துவிட்டுப் போன பஞ்சாமிர்தத்தைக் கேட்டு அவன் கெஞ்சினான். மனசு கேட்காமல் ஒரு கை ஊட்டிவிட்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவன் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தேன். மூன்றாம் நாள் போய்விட்டான். நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து விழும் என்கிற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

விபூதி மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள். "எதனா பேசுடி, என்னை வையவாவது வையி" என்று அம்மா அழுவாள். கடைசியில் "நைனா" (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நகரி ஊருக்கு அந்தப் பக்கம் பேயோட்டுகிறவர் ஒருவரிடம் வெள்ளிக்கிழமை என்னைக் கொண்டுபோவதென்று முடிவுசெய்து, காதர் பாயின் ஜட்காவைக் கூப்பிட்டார். அங்கே சாட்டையால் அடிப்பார்கள் என்று காதில் விழுந்ததும் தேங்காய் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன்.

காதர் பாய்க்கு முப்பது வயதிருக்கும். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார், தன் குதிரை ராணியிடம் ஓயமாட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ராணிக்குக் கால் சுளுக்கிகினு கீதுங்கண்ணே, ஒரு வாரம் போவட்டும்" என்றார்.

மறுநாள் ராணியின் இடது முன்னங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. பாவம் என்று பார்க்கப் போனவள் தினமும் போக ஆரம்பித்தேன். ஏன் பேசவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. என் கையில் கொள்ளைக் கொடுத்துவிட்டு, நான் பார்க்கிற அதே சாலையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா ராணி, சவாரி இல்லாம ஜாலியா கீறியா" என்று குதிரையோடு பேசிக்கொண்டிருப்பார். நாலாம் நாள் கட்டு வலது காலுக்கு மாறியிருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

ஆறாம் நாள் காலை ராணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பஸ் வந்தால் மிரளும் என்று அதன் கண்களுக்கு இரு பக்கமும் தோல் மறைப்பு கட்டியிருந்தது. அதனால் என்னைப் பார்க்க முடியாது. குதிரையிடம் சொன்னால் சத்தியம் போகாது என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சற்றுத் தள்ளிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்த காதர் பாய் நிமிரவில்லை. உன்மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை, ஏன் கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதைப் பார்த்தபடியே கேட்டார்: "புள்ள ஆசையா துன்னானா?"

"ஆங்," என்றேன். "வெரல நக்கிகினே தூங்கிட்டான்."

அப்போதுதான் தம்பிக்காக அழுதேன். அதுவரை எனக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அன்றே அம்மாவிடமும் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. "வாய்க்கு ருசியா துன்னுட்டுத்தான் போனானா எங்கண்ணு" என்று என்னை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். தள்ளிப்போட்ட வெள்ளிக்கிழமையும் நாங்கள் எங்கும் போகவில்லை. ராணிக்குக் கால் சரியாகிவிட்டது.

பிற்காலத்தில் மனநல ஆலோசகராகி முப்பது வருஷம் சிறு பிள்ளைகளோடும் வாலிபர்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். படித்ததெல்லாம் உதவிற்று, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் என் அறையில் நாற்காலிகள் எதிரெதிரே இருந்ததில்லை. இரண்டும் ஜன்னலைப் பார்த்தே இருக்கும்.

போன மாதம் அடிவாரத்துக்குப் போயிருந்தேன். புளியமரம் இல்லை, கொள்ளு வாசனை இல்லை, வரிசையாக ஆட்டோக்கள் நின்றன. "எங்க போவணும்மா?" என்று ஓர் ஆட்டோக்காரத் தம்பி கேட்டான். நான் புளியமரம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குக் காத்திராமல் அவன் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டான்.