அளக்காமல் சொன்ன ஒரு வார்த்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரம். தேனிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் தடயவியல் மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் அருகே வாழைத்தோட்டத்தில் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்ததென்று, போலீஸ்காரர் ஒருவர் அட்டைப்பெட்டியில் ஒரு மண்டை ஓட்டைக் கொண்டுவந்தார். வேறு எலும்பு எதுவும் கிடைக்கவில்லையாம்.

எனக்கு அன்று கோர்ட்டில் சாட்சி. கிளம்பும் அவசரம். "ஆம்பளையா, பொம்பளையா மேடம்?" என்று அவர் கேட்டதும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். புருவ மேடு நன்றாகத் தடித்திருந்தது. "ஆண் மாதிரிதான் தெரியுது. அப்புறம் அளந்து எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை என் அறை வாசலில் ஒரு பெண் நின்றார். அதே ஊர்க்காரர், பூ வியாபாரம் செய்பவர். அண்ணன் தம்பி சண்டையில் கோபித்துக்கொண்டு போன அவருடைய கணவர் ஒன்றரை வருடமாக ஊர் திரும்பவில்லை. நான் சொன்ன 'ஆண்' அந்தக் கணவர்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

"நாளைக்கே காரியம் வைக்கணும், தாலியை எடுத்துரணும்னு கொழுந்தனாருக சொல்றாக டாக்டரம்மா. அது அவுக தலையே கெடையாது. அவுக தலைக்கு எந்தக் கடையிலயும் ஹெல்மெட் பத்தாது. நீங்களே அளந்து பாருங்க" என்றவர், பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அண்டா மாதிரி இருந்தது.

ஹெல்மெட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால், 'அளந்து பாருங்க' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து நீளம், அகலம், கன்னத்து எலும்புகளுக்கு இடையிலான தூரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தேன். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முண்டு ஆண்களுக்குப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும்; இதில் சின்னது. மூன்று முறை அளந்தும் அளவுகள் பெண் பக்கமே நின்றன. புருவ மேடு மட்டும்தான் என்னை ஏமாற்றியிருக்கிறது. பல் குழிகள் தூர்ந்திருந்தன; சாவதற்கு வெகு முன்பே பல் விழுந்துபோன வயதானவர். எலும்பு பல காலம் மண்ணில் கிடந்து அரித்திருந்தது. அந்த இடத்தில் முன்பு இடுகாடு இருந்தது பிறகு விசாரணையில் தெரியவந்தது.

வெளியே வந்தேன். "அளவை வச்சு நூத்துக்கு நூறு சொல்ல முடியாதும்மா. ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, இது ரொம்ப காலத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு வயசான அம்மா. உங்க வீட்டுக்காரர் இல்ல."

அவர் முதலில் சிரித்தார். பிறகுதான் அழுதார். நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். காரியம் நின்றது.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார், கூடவே ஒரு ஆளோடு. உண்மையிலேயே பெரிய தலை! மனிதர் இவ்வளவு நாளும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார். கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர், "ஏலே, ஒனக்கு ஊர்ல காரியம் வைக்கப் போனாகளாம்" என்று சொன்னதும் பதறியடித்து மலையிறங்கிவிட்டார்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "அவசரத்துல வாயை விட்டுட்டேன்மா."

"நல்லாக் கேட்டீக போங்க! நீங்க அப்பிடிச் சொல்லலேன்னா இவுக இன்னும் அங்கனயேதான கெடந்திருப்பாக?" என்று சொல்லி, ஒரு பந்து மல்லிகையை என் கையில் திணித்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

செய்த தவறுக்கு நன்றியும் பூவும் வாங்கியவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி, அளக்காமல் இன்னொரு வார்த்தை சொல்லும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.