தேர்வு அவர்களுடையது, கேட் நம்முடையது

என் மகள் நிவேதா போன் செய்தபோது, ஊட்டி வளாக அலுவலகத்தில் தேர்வு அறைகளுக்கு மேற்பார்வையாளர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பஸ் நின்னுருச்சு. நடுவட்டத்துக்குக் கீழ மண்ணு சரிஞ்சு ரோட்டுல கிடக்குது. அந்தப் பக்கம் ஜீப் நிக்குதாம். மண்ணு மேல ஏறி அந்தப் பக்கம் போயிரலாம்னு எங்க கிளாஸ் பசங்க எல்லாம் இறங்கறாங்க."

"நீ இறங்காத கண்ணு. பஸ்லயே உக்காரு."

"எக்ஸாம் இருக்குதில்லப்பா? தள்ளி வெச்சுட்டீங்களா?"

"கேட்டுச் சொல்றேன், நீ இறங்காத," என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்னும் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், எந்த அதிகாரம் தலைமை வளாகத்தில் இருக்கிறது, எது நம்மிடம் என்று கேட்கும்போது நான் விதிப் புத்தகத்தை நீட்டுவதில்லை. அந்தக் காலையைத்தான் சொல்கிறேன்.

எது யாருடையது

எங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் கீழே, சமவெளியில் இருக்கிறது. ஊட்டியில் இருப்பது மண்டல வளாகம். நான் இங்கே கண்காணிப்பாளர். பாடத்திட்டம், தேர்வு, பட்டம், நியமனம் எல்லாம் கீழே முடிவாகும். கட்டடம், ஹாஸ்டல், தண்ணீர், மாணவர் பாதுகாப்பு ஆகியவை எங்கள் வளாக இயக்குநரின் பொறுப்பு. எல்லா வளாகத்துக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். தேர்வு தொடங்கச் சற்று முன்பு கீழேயிருந்து பாஸ்வேர்டு வரும். அதைப் போட்டால்தான் கேள்வித்தாள் திறக்கும்.

அன்று கலெக்டர் பள்ளி, கல்லூரிகளுக்கு லீவு விட்டிருந்தார். பல்கலைக்கழகத் தேர்வுகள் வழக்கம்போல் நடக்கும் என்று கீழேயிருந்து மெயில் வந்திருந்தது. நிவேதா எங்கள் வளாகத்தில்தான் படித்தாள். படிப்பு விடுமுறைக்குத் தேவாலாவில் எங்கள் வீட்டுக்குப் போனவள், கூடலூர் வந்து முதல் பஸ் பிடித்திருந்தாள். வராமல் போனால் அரியர். அரியர் இருந்தால் வேலைக்கான நேர்காணலில் உட்கார முடியாது. அதனால் நான் என்ன சொன்னாலும் அவள் இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படியே என் மகளைத் தடுத்துவிட்டாலும், அவளோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் தடுப்பது?

கீழே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போன் போட்டேன்.

"இங்க நல்லா வெயிலடிக்குதுங்களே," என்றார் அவர்.

"இங்க ரோட்டுல மண்ணு விழுந்திருக்குதுங்க சார். பசங்க அதுமேல ஏறி வரப் பாக்கறாங்க."

"ஒரு கேம்பஸுக்கு மட்டும் தள்ளி வெச்சா வேற கேள்வித்தாள் எடுக்கணும். அத நானா முடிவு பண்ண முடியாதுங்க. சிண்டிகேட் கூடித்தான் முடிவு பண்ணணும். நீங்க பாஸ்வேர்டு வாங்க ரெடியா இருங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவர் ஜன்னலில் மழை இல்லை, அவ்வளவுதான்.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். எங்கள் இயக்குநர் தாவரவியல் பேராசிரியை, குன்னூர்க்காரர். நான் சொன்னதைக் கேட்டதும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எக்ஸாம் யாருது?"

"அவங்களுதுங்க மேடம்."

"தள்ளி வெக்க நம்மால முடியுமா?"

"முடியாதுங்க."

"பில்டிங் யாரு பொறுப்பு?"

"நம்ம பொறுப்புங்க."

"அப்ப பில்டிங்க மூடிருங்க. மழை அபாயம், பாதுகாப்புக்காக வளாகம் இன்னைக்கு மூடல். கேட்டுல பூட்டுப் போட்டு போட்டோ எடுத்து எல்லா கிளாஸ் குரூப்புலயும் போடுங்க. அப்பறமா அவங்க பாஸ்வேர்டு அனுப்பட்டும்."

பூட்டின படம் குரூப்பில் போனதும் ஹாஸ்டல் பிள்ளைகள் திரண்டு வந்துவிட்டார்கள்.

"மேடம், படிச்சதெல்லாம் மறந்துரும்."

"மறந்துட்டு மறுபடி படிங்க. இன்னும் நல்லா ஏறும்," என்றார் இயக்குநர்.

நிவேதாவுக்கு அடிக்க அடிக்க எடுக்கவில்லை. மலைச்சரிவில் கால் வழுக்கும் சத்தத்தை நானே கற்பனை செய்து நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, கேட்டை மூடிட்டீங்களாமே? பாதி மண்ணுல இருந்தவங்களும் திரும்பி வந்துட்டாங்க. டிரைவர் அண்ணன் பஸ்ஸத் திருப்பறாரு. கூடலூருக்கே போறோம்."

"செருப்பெல்லாம் சேறாயிருச்சா?" என்று கேட்டேன்.

மெமோவும் மரமும்

அடுத்த வாரம் இயக்குநருக்கு மெமோ வந்தது. சரிவில் அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆகவே வளாகத்தை மூடியது தேவையற்றது என்று எழுதியிருந்தார்கள். யாரும் அதில் ஏறி வராததால்தான் எதுவும் ஆகவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. விசாரிக்கத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே மேலே வந்து கூட்டம் நடத்துவதாக ஏற்பாடு.

அன்றும் மழை. கூட்ட நேரம் நெருங்கும்போது இயக்குநரின் போன் அடித்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், பர்லியாறு தாண்டி ரோட்டுல மரம் விழுந்து கிடக்குதுங்க. வண்டி முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. மீட்டிங்கக் கொஞ்சம் தள்ளி வெக்க முடியுங்களா?"

"தள்ளி வெக்கற அதிகாரம் எனக்கு இல்லைங்களே சார். கூட்டினது நீங்கதானே?"

அவர் சிரித்தார். "இங்க நிக்கறப்பத்தான் தெரியுதுங்க மேடம்," என்றார்.

"மரத்து மேல ஏறி நடந்து வந்துராதீங்க சார். ஈரத்துல வழுக்கும்."

கூட்டம் மறுநாள் நடந்தது. மெமோவைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இரண்டாவது கேள்வித்தாளைக் கீழே எப்போதும் தயாராக வைத்திருப்பது, மழை நாளில் தேர்வைத் தள்ளிவைக்கும் முடிவை வளாக இயக்குநர் எடுப்பது, அதைத் தேர்வுப் பிரிவு அப்படியே ஏற்பது என்று பேசினார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே அதை எழுதிக்கொண்டுபோய் சிண்டிகேட்டில் வைத்தார். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஊட்டிக்குக் கொடுத்தால் மற்ற வளாகங்களும் கேட்கும் என்றார்கள். கேட்கட்டுமே, அங்கே வெள்ளம் வருகிறதே என்று இவர்தான் வாதாடினாராம். அடுத்த மழைக்குமுன் உத்தரவு வந்துவிட்டது.

அதிகாரம் கைக்கு வந்தபிறகு வேறு பயம் வந்தது. ஒருமுறை தள்ளிவைத்தோம், மதியமே வெயில் அடித்தது. மாணவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை யாராவது கேட்டு வந்தால், இல்லை என்று சொல்லி போனை வைத்துவிடாதீர்கள். எது இருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு பூட்டாவது இருக்கும்.

விட்டுப்போன தேர்வை எங்கள் வளாகத்துக்கு வேறு கேள்வித்தாளில் பிறகு நடத்தினார்கள்; நிவேதா தேறிவிட்டாள். கோயம்புத்தூரில் வேலை. மழைச் சத்தத்தில் போனைத் தேடும் பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இந்த ஜூனில் ஒரு தேர்வு நாள் காலை, நான் போனை எடுக்கும் முன்பே அது அடித்தது. கீழேயிருந்து தேர்வுப் பிரிவு.

"அங்க மழை எப்படிங்க?" என்று கேட்டார்கள்.