ஒடக்கான் முட்டை

முதல் மழை நின்ற காலையில், ஈரமண் வாசத்தோடு, முள்வேலி உச்சியில் செக்கச் சிவந்த கழுத்தைத் தூக்கித் தலையாட்டும் ஆண் ஓணான்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அப்பா காட்டிலாகாவில் கார்டாக இருந்ததால், எருமப்பட்டிக்கு அப்பால் கொல்லிமலை அடிவாரத்தில், கொல்லைப்புறம் வரை காடு வந்து நிற்கும் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். ஓணானை அங்கே "ஒடக்கான்" என்போம். அது உற்றுப் பார்த்தே ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பி, நானும் அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டில், ஒரு பெண் ஓணான் மரத்தை விட்டு இறங்கி, முன்கால்களால் மண்ணைப் பறித்து, குழியில் முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்தி, மேலே சருகையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனதை அசையாமல் பார்த்திருந்தேன். இரண்டு நாள் காத்தும் அது திரும்பவில்லை. நான் பார்த்ததால்தான் பயந்து ஓடிவிட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோண்டிப் பார்த்தேன், பதினொரு முட்டைகள், மெத்தென்ற தோலோடு. எங்கள் கோழி அடைகாக்கையில் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி விடுவதையும், புரட்டாத கோழியை அம்மா சோம்பேறி என்று திட்டுவதையும் அறிந்தவள் நான். ஆகவே ஆறு முட்டைகளைக் கொட்டாங்குச்சியில் பஞ்சிட்டு அடுப்போரம் வைத்து, காலையும் மாலையும் தவறாமல் புரட்டினேன். தாய் திரும்பினால் ஏமாந்து போகுமே என்று ஐந்தை மண்ணிலேயே விட்டு மூடினேன்.

"ஒடக்கான் பெத்ததுடி, நீயா பெத்தே?" என்று அக்கா சிரித்தாள்.

ஏழெட்டு வாரத்தில் மண்ணிலிருந்த ஐந்தும் பொரிந்தன. ஊசிபோன்ற வாலுடைய குஞ்சு ஒன்று, மண்ணை உதறிய கையோடு உண்ணிச்செடியில் ஏறி, யாரும் கற்றுத்தராமலே ஓர் எறும்பைப் பிடித்து விழுங்கிற்று. என்னுடைய ஆறும் அதற்குள் பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. நான் அழ, அம்மா கொட்டாங்குச்சியை வாங்கிக்கொண்டு, "நீ ஒரு கொறையும் வெக்கல சாமி" என்றாள். ஓணான் முட்டைக்குள் கரு ஒரு பக்கமாக ஒட்டி வளரும், புரட்டினால் குலைந்துவிடும் என்பதை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில்தான் படித்தேன்.

இப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். அடுத்த வீட்டுக் குழந்தை நாலாம் மாதமே குப்புற விழுந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து, பாயில் கிடப்பவளை நானே கையால் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அது சரியா, தவறா என்று டாக்டரம்மாவிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகும் மனம் ஆறவில்லை. போன வாரம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, அம்மாவும் நானும் பழைய வீடு இருந்த இடத்தில் புங்கமர நிழலில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினோம். வழக்கம்போல் என் கை நீண்டது. அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு சாமி. அவளே உளுவா."

இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை காலை உதைத்து, தோளைத் தூக்கி, ஒருமுறை தவறி மல்லாந்து, மறுமுறை குப்புற விழுந்தாள். ஓட்டு வீடு போய்விட்டது. வேலி இருந்த இடத்தில் கம்பி ஓடுகிறது. அதன்மேல் தலையாட்ட ஓர் ஓணானும் இல்லை. அவள்தான் இன்னும் சரியாக நிற்காத தலையை நிமிர்த்தி, ஆட்டி ஆட்டி எங்களைப் பார்த்தாள்.