இன்சுக் சித்தியின் மைக்கும் நுருங்ஜியின் மூத்திரமும்

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்குள்ளேயும் கூரையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதை அணைக்க முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. தீப்பிடித்தால் ஆட்களை எழுப்ப வைத்தது என்பார்கள். இதுவரை தீயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எழுப்பியிருக்கிறது. லிஃப்ட் நிற்கப் போகிறது, கார் நிறுத்துமிடத்தைக் கழுவப் போகிறார்கள், மாடியிலிருந்து சிகரெட் துண்டைப் போடாதீர்கள். இதையெல்லாம் சொல்கிற குரல் எங்கள் பக்கத்து வீட்டு இன்சுக் சித்தியுடையது.

பியோ இன்சுக், எழுநூற்று மூன்றாம் நம்பர் வீடு, குடியிருப்பு அலுவலகத்தில் வேலை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவள். வீட்டில் வாயைத் திறந்தால் கணவாய் மீன் ஏலம் போடுவது மாதிரி இருக்கும். மைக் முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். "குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாளானால் எங்கள் அப்பாகூடச் சட்டையைச் சரிசெய்துகொள்வார். இளவயதில் ரேடியோவில் செய்தி வாசிக்க ஆசைப்பட்டாளாம். ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குரல் தேர்விலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மீன் ஆலை, கல்யாணம், அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பித்து இன்ச்சியோன் நகரம். கடைசியில் ஒரு மைக் கிடைத்தது. அறுநூறு வீடு கேட்கும், ஒருவரும் வேறு அலைவரிசைக்கு மாற்ற முடியாது. இதைவிட என்ன வேண்டும்?

பனிக்காலத்தில் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ராமியான் நூடுல்ஸ் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே காந்தல் நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. மேனேஜர் குவாக், "நகராட்சிக் காப்பகத்துக்குப் போன் போடுங்க" என்றார்.

"அங்க யாரும் கேட்டு வரலேன்னா?" என்றாள் சித்தி.

"ஊசி போட்டு முடிச்சிடுவாங்க. கலப்பு நாயை யாரு எடுப்பா?"

அன்று சாயங்காலம் சித்தியின் கோட்டுக்குள்ளே ஏதோ நெளிந்துகொண்டே லிஃப்டில் ஏறியது. பானை அடியில் பிடிக்கிற காந்தலின் பெயரையே வைத்தாள். நுருங்ஜி.

பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். சாயங்காலம் மாமாவின் கோழி வறுவல் கடையில் டெலிவரி, பகலெல்லாம் வீடு. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததற்கு நான்தான் சாட்சி.

ராத்திரியில் அந்தக் குட்டியைப் போல ஒழுக்கமான நாய் கிடையாது. நடந்து போய், மூத்திரம் போக விரித்த பேட்டின் நட்டநடுவில் நின்று, காரியத்தை முடித்து, சித்தி முகத்தைப் பார்க்கும். "என் தங்கம்ல!" என்று உலர்ந்த மீன் துண்டு ஒன்று கிடைக்கும். பகலில் தனியாக விட்டால் போச்சு. வாசலில், செருப்புகளுக்கு நடுவில், தினமும். கதவுக்கு அடியில் வழிந்து பொது நடைபாதை வரைக்கும் வரும். கூடவே ஓர் ஊளை, பெற்றவளைப் பறிகொடுத்த மாதிரி.

சித்தி தரை முழுக்க பேட் விரித்தாள். ஒரு அங்குலம் விடவில்லை. குட்டி பூட்சுக்குள் மூத்திரம் போனது. வினிகர் போட்டுத் துடைத்தாள். டிவியை ஓடவிட்டுப் போனாள். குளியலறையில் அடைத்துப் பார்த்தாள். கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம். அதற்குப் பிறகு அடைக்கவில்லை. மதியம் வாயில் கிம்பாப் சோற்றுருளையை அடைத்துக்கொண்டு ஏழு மாடியையும் படியில் ஓடி வருவாள், லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமை இருக்காது. துடைத்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். மெலிந்துகொண்டே வந்தாள்.

எழுநூற்று நான்கில் இருக்கும் தோ மாமா ராத்திரி டாக்சி ஓட்டுகிறவர். பகலில்தான் தூக்கம். ஒருநாள் சித்தியை நடைபாதையில் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, நேத்து சிக்னல்ல கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி கைக்குழந்தையோட ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

சித்தி மன்னிப்புக் கேட்டாள். நடுமுதுகு தெரியக் குனிந்தாள்.

புகார் வந்தால் அலுவலகம் அறிவிப்புச் செய்யும். அறிவிப்பு வாசிப்பதும் சித்திதான். தன் நாயைத் தானே கண்டித்து, கனிவான கவனத்திற்கு என்று வாசித்தாள். வாரத்துக்கு ஒன்று, பிறகு தினம் ஒன்று, பிறகு காலையும் மாலையும். ஊளை கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாராம்: "இன்சுக்கம்மா, ஆபீஸ் ஆளே இப்படின்னா நான் யாரைக் கண்டிக்கிறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

சித்தி ஒரு பழைய போனைக் கேமராவாக்கி அலமாரியில் வைத்தாள். படம் வரும், சத்தம் வராது. மறுநாள் என் வீட்டுக் கதவை இடித்தாள்.

"ஏலே தேயூல்! வெளிய வால! எம்புள்ள நல்லாத் தூங்கிட்டுக் கெடந்தான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கேன், வாசல்ல நின்னு துள்ளுதான். காலிங்பெல்லை அமுக்கிட்டு ஓடினது நீதான?"

"சித்தி, நான் பெல் அடிக்கிறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு. இப்பல்லாம் அதுல ஒரு கிக்கே இல்ல."

"பொய் சொல்லாதல."

"சத்தியமா நான் இல்ல."

திட்டுவாள் என்று நினைத்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான்னு சொல்லிருல. நீயா இருந்தா நிறுத்திப்புடலாம். நீ இல்லேன்னா நான் என்னல செய்வேன்? யாருகிட்டப் போயி நிப்பேன்?"

நான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கதவுப் பூட்டைத் திறக்கிற நம்பரைக் குடுங்க. நாளைக்கு உள்ள உட்கார்ந்து பாக்குறேன்" என்றேன். என்னிடம் கதவு நம்பரைக் கொடுப்பது திருடனிடம் சாவியைக் கொடுக்கிற மாதிரி என்று அவள் முகமே சொன்னது. ஆனாலும் கொடுத்தாள்.

மறுநாள் காலை குட்டி என் காலுறையைப் பறித்தது, கடித்தது, களைத்துப் போய் என் தொடையில் தூங்கியது. இளஞ்சூடாக ஒரு மூட்டை. யார் வந்து பெல் அடித்தாலும் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிங் டாங் டோங். "குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் தளத்தில் நாய் குரைப்பதாகத் தொடர்ந்து புகார்கள் வருகின்றன..."

தொடையில் இருந்த மூட்டை வெடித்தது. கூரையைப் பார்த்தது, வாசலுக்கு ஓடியது, மறுபடி கூரை, மறுபடி வாசல். அம்மா வந்துவிட்டாள், குரல் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. சித்தியின் செருப்பின் மேல் நின்று ஊளையிட்டுக்கொண்டே அப்படியே மூத்திரம் போனது.

சாயங்காலம் சொன்னேன். சித்தி முதலில் சிரித்தாள். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கொரலா? இம்புட்டு நாளா நானா அழ வச்சேன்?"

மேனேஜரிடம் கெஞ்சினாள். "உங்களை வேலைக்கு எடுத்ததே அந்தக் குரலுக்காகத்தான். நாய் ஒத்துக்கலேன்னு அறிவிப்பை நிறுத்த முடியுமா?" என்றார். ஸ்பீக்கரைக் கனத்த போர்வை வைத்து அடைத்தோம். குட்டி நடைபாதை ஸ்பீக்கரில் கேட்டு ஊளையிட்டது. ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். சளியா என்று நாலைந்து பேர் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். நுருங்ஜி ஏமாறவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் கடைசி அறிவிப்பை அவள் கையில் கொடுத்தார். நாய் நாளை போகிறது, பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. அதையும் நீங்களே வாசித்துவிடுங்கள் என்றார். குட்டியோடு இருக்கச் சொல்லி என்னை அனுப்பினாள்.

மணி அடித்தது. "குடியிருப்போரின் கனிவான கவனத்திற்கு. எழுநூற்று மூன்றாம் இலக்க வீட்டின் நாய், நாளை..." குரல் நின்றது. இங்கே ஊளை ஆரம்பித்துவிட்டது. கூரையிலிருந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அறுநூறு வீடும் இதுவரை கேட்டிராத கடற்கரைப் பேச்சு.

"ஏலே நுருங்ஜி. கத்தாதல. அம்மா ஆபீசுல இருக்கேன்யா. கதவுகிட்டப் போவாத, அங்கன யாரும் இல்ல. சாயந்தரம் வாரேன். பேட்டுல போயிட்டுப் படு. என் தங்கம்ல."

குட்டி வாயை மூடியது. தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தது. பிறகு நடந்து போய் பேட்டில் நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. மேலே 'டக்' என்று ஒரு சத்தம். மேனேஜர் மைக்கைப் பிடுங்கியிருப்பார். நான் கண்ணைத் துடைத்தது வினிகர் நெடியால்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, காப்பகத்துக்குக் கொண்டுபோக லிஃப்ட் வாசலில் நின்றாள். தோ மாமா சவாரி முடித்து வந்துகொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நடந்ததையெல்லாம் நான் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் குனிந்து குட்டியைப் பார்த்தார்.

"அப்ப நீ மைக்கைத் தொடலேன்னா இது கத்தாது?"

"கத்தாது."

"அப்ப தொடாத. நாயைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் இல்லேன்னு மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். ஆனா மைக்ல உன் குரல் ஒருநாள் கேட்டாலும் மறுபடி வந்து நிப்பேன். சம்மதமா?"

சித்தி குட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். லிஃப்ட் வந்து திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது.

"சம்மதம்" என்றாள்.

பொது மைக்கில் நாயோடு பேசியவளை மேனேஜரும் மறுபடி உட்காரவைக்க மாட்டார். இப்போது அவரே வாசிக்கிறார். தண்ணீர் நிற்கும் என்று சொன்னது புரியாமல் எங்கள் அம்மா தலை நிறைய ஷாம்பு நுரையோடு நின்றாள். நுருங்ஜி அவர் குரலுக்குக் குறட்டை விடுகிறது. பேட் பழகிவிட்டதா என்றால், முக்கால்வாசி.

சித்தி இப்போது கீழே, அனுமதி இல்லாத கார்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறாள். நேற்று டெலிவரிக்கு இறங்கியபோது பார்த்தேன். மேலே ஸ்பீக்கரில் மேனேஜர் "கவனத்திற்கு" என்பதைப் பாதி விழுங்கினார். சித்தி கையில் சீட்டோடு நிமிர்ந்தாள். அந்த ஒரு வரியை, யாருக்கும் கேட்காமல், உதட்டசைவிலேயே முழுசாகச் சொன்னாள். அப்புறம் அடுத்த காருக்குப் போனாள்.