சின்ன மாத்திரை போதும்

விடுதி அறையின் சன்னல் விளிம்பில் என் அறைத்தோழி நான்கு மாத்திரைகளை மிச்சம் வைத்திருக்கிறாள். நாளுக்கு ஒன்றாக ஒரு வாரம் விழுங்கும்படி மருத்துவர் சொன்னவை. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே தலைகுளித்துச் சினிமாவுக்குக் கிளம்பிவிட்டாள். "உடம்புதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டபோது நான் பாடப்புத்தகத்தில் அடிக்கோடு இட்டுக்கொண்டிருந்தேன். மருந்து விஷயத்தில் வாய் திறக்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்பதை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மைதாப் பசையின் புளித்த வாசம். கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்க அப்போது தீப்பெட்டி ஒட்டினார்கள். என் சித்தியின் விரல்களுக்கு ஈடு கிடையாது. அம்மாவின் ஒரே தங்கை அவள். பெற்றோர் இல்லாததால் எங்களோடு இருந்தாள். ஒருநாள் இருமியபோது, ஒட்டிய சீட்டின் மேல் சிவப்பாக ஒரு துளி விழுந்தது. "ஏட்டி, லேபிளுக்குக் கலர் பத்தலன்னு நானே போட்டுட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பதினோரு வயது.

பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள். முதல் இரண்டு மாதத்துக்கு ஊசியும், கூடவே இரண்டு வகை மாத்திரைகளும் கொடுத்தார்கள். பெரியதைக் கை நிறைய அள்ளி விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். சின்னது வெள்ளையாய், சாதுவாய் இருக்கும். தினமும் கோடு போட்டுக் குறிக்கும் மருந்து அட்டையைக் கம்பவுண்டர் என்னிடம் தந்தார், எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் என்பதால்.

"சாப்பிட்ட பொறவு கொடு தாயி. முழுங்குனதப் பாத்துட்டுத்தான் கோடு போடணும். காதுல சத்தம் கேட்டாலோ, கண்ணு மஞ்சளிச்சாலோ உடனே இங்கன வரணும், நீங்களா நிறுத்தக் கூடாது. தேறிட்டாப்புல தெரியும், அப்பவும் நிறுத்தக் கூடாது. ஒரு வருசம் முழுசாப் போகணும்."

"சின்னது மட்டும் போதாதா அண்ணாச்சி? பெரிசு உள்ள போன வேகத்துல வெளிய வருது" என்றாள் சித்தி.

"ஒத்த மாட்டப் பூட்டிக் கரிசல்ல ஏர் ஓட்டுவீகளா? சின்னது தனியாப் போனா நோய்க்கு அது பழகிரும். பொறவு கேக்காது."

இந்தச் சொற்களை நான் ஒருபோதும் மறந்ததில்லை. தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கோடு போடுவதில் எனக்குப் பெருமிதம். அளவுகோல் வைத்துப் போடுவேன். சித்தியின் தட்டுக்கு அம்மா தனி அடையாளம் வைத்திருந்தாள். என் சிலேட்டைத் தொட வேண்டாமென்று நானே சித்தியிடம் சொன்னேன். "தொட்டாப் படிப்பு ஒட்டிக்கிடுமோ எனக்கு?" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

நான்காம் மாதம் கன்னம் உப்பி, இருமல் நின்றது. உடனே கடம்பூரில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அம்மா பேசி முடித்தாள்.

"கம்பவுண்டர் வருசம்னாரே அக்கா?"

"கம்பவுண்டரா வந்து தாலி கட்டப் போறாரு? மருந்து திங்குத வரைக்கும்தான் நீ நோயாளி. அவிய வீட்ல தெரிஞ்சா வாசப்படி ஏத்த மாட்டாவ."

ஆனாலும் மருந்தை அடியோடு நிறுத்த அம்மாவுக்கு உள்ளூரப் பயம். பெரிய மாத்திரைப் பொட்டலத்தையோ மாமியாரிடமிருந்து எப்படி மறைப்பது? என்னைக் கூப்பிட்டு, "நீதான படிச்சவ, எது அவசியம், சொல்லு" என்றாள். அம்மா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் விரும்பிய பதில் எது என்று எனக்குத் தெரிந்தது.

"சின்ன மாத்திரை போதும்மா."

சித்தி என்னையே பார்த்தாள். அவளும் அன்று அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தானே.

சின்ன மாத்திரைகள் பவுடர் டப்பாவுக்குள் போய் ஒளிந்தன. மாதாமாதம் நான் ஆஸ்பத்திரியில் இரண்டையும் வாங்குவேன். சித்தி காட்டுவேலைக்குப் போயிருப்பதாகச் சொல்வேன். பெரியவற்றைக் கோடையில் வெடித்துக் கிடந்த கரிசல் பிளவுகளில் ஒவ்வொன்றாக நழுவவிடுவேன். அடியில் விழும் சத்தம் கேட்காது. பிறகு உட்கார்ந்து அட்டையில் இரண்டுக்கும் கோடு போடுவேன், அளவுகோல் வைத்து. சின்னதை ரயிலில் கடம்பூருக்குக் கொண்டுபோவேன். சித்தி எனக்குப் போளி வாங்கித் தருவாள். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம் இருமல் திரும்பியது. டப்பாவை மாமியார் திறந்துவிட்டாள். "பவுடர் டப்பாவுல பவுடரக் காணோம், சீக்குதான் இருக்கு. உங்க வீட்டுச் சீரு இதுதானா?" என்று தெருவில் நின்று கேட்டாளாம். தாலியோடும் ஒரு தகரப்பெட்டியோடும் சித்தி ரயிலில் தனியே வந்து இறங்கினாள்.

மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி இரண்டு மாத்திரைகளும். இரண்டு மாதமாகியும் எடை இறங்கிக்கொண்டே போனது. சின்னது இனிக் கேட்காது என்றார்கள். கம்பவுண்டர் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாள்கூட விடாம கோடு இருக்கே. பொறவு எப்படிக் கேக்காமப் போச்சு? ஏ பிள்ள, நீ பாத்துத்தான போட்ட?"

நான் அட்டையில் இருந்த கோடுகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அவ சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் வாயில ஒதுக்கி வச்சுத் துப்பிட்டேன் அண்ணாச்சி" என்றாள் சித்தி.

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவர் அவளைத் திட்டினார். சர்க்கார் மருந்தைத் துப்பினவள், திமிர் பிடித்தவள், சாகட்டும் என்றார். பிழைக்கவைக்க ஆசைப்பட்டவரின் கோபம் அது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்தித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் அட்டையைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தேன்.

ஆடிக்கு முன்பே போய்விட்டாள். பாய், தலையணை, சேலைகள், தட்டு எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே எரித்தார்கள். கல்யாணப் படத்தையும் அம்மா அந்தத் தீயில்தான் போட்டாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருவில் யாராவது கேட்டால் பேச்சை மாற்ற அம்மா மிக விரைவில் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் விடுமுறையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். விசாரித்து வந்தவர்கள்தாம், ஆனாலும் எதிரில் அமர்ந்த அம்மாள் என் அம்மாவிடம் நயமாகக் கேட்டாள்: "உங்க கூடப் பொறந்தவிய எத்தன பேரு?"

அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "நான் ஒத்தப் பிள்ளதான்" என்றாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்ல அடக்கமான பொண்ணு" என்றாள் அந்த அம்மாள்.