லிஃப்ட்டுக்குள் போன விடுமுறை

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. அவர் காது மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், "இந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டு வருஷமாச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர் தயங்கி யாரும் பார்த்ததில்லை.

மகள் அவருடைய விடுமுறைக் கதைகளை ஃபோனில் வீடியோ எடுத்தது தன் இரண்டு பெண்களுக்காக. பாட்டியை அவர்கள் பார்த்ததே இல்லை. மூத்தவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். படத்திலாவது பார்க்கலாம் என்றால், கேமராவைக் கண்டாலே விறைத்துப்போகிற மனுஷி. கடற்கரையில்கூட பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோலத்தான் நிற்பாள்.

"கடற்கரைக்குப் போனதச் சொல்லுங்கப்பா."

அலை, ஈரக்காற்று என்று நல்லபிள்ளையாகத்தான் ஆரம்பித்தார். "ஆனா ஓட்டல் லிஃப்ட் இழுத்து இழுத்து ஏறுச்சு. எனக்குப் பொறுக்குமா? மொட்டை மாடிக்குப் போய் லிஃப்ட்டோட மெயின் சுவிட்சை அணைச்சேன். உள்ள ஆள் இருக்கான்னு பார்க்கல. யாருன்னு நினைக்கிற? நீயும் உங்கம்மாவும்தான்!"

இடுப்பில் கைவைத்து, முகவாயை உயர்த்தி, மனைவியாகவே மாறினார். "ஊரு விட்டு ஊரு வந்தும் அந்தக் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? கட்டிக்கிட்டது என்னையா, லிஃப்ட்டையா?" பிறகு தன் குரலில், "நான் என்னத்தச் சொல்ல? 'உத்தரவு மகாராணி'ன்னேன்."

மகள் வீடியோவை வெட்டி ஒட்டினாள். திட்டு போய்விட்டது, அலை மட்டும் மிச்சம். அவரிடம் போட்டுக் காட்டினாள்.

"அழகா இருக்கு. யாரு கதை இது?"

"பாட்டின்னா திட்டறவங்கன்னு பசங்க நினைச்சிடக் கூடாதுல்லப்பா?"

"அந்தத் திட்டை எடுத்துட்டா உங்கம்மா இதுல எங்கடி இருக்கா? எனக்கப்புறம் அவ மாதிரி பேசிக் காட்ட யாரு இருக்கா?" மகளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தாள்.

பெண்கள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் பல் டாக்டரிடம் போக, தாத்தாவோடு லிஃப்ட்டில் ஏறினார்கள். பாதி வழியில் லிஃப்ட் லேசாக உதறியது. அவர் கை தானாகப் பொத்தான் பலகையைத் தட்டப் போனது.

சின்னவள் இடுப்பில் கைவைத்து முகவாயை உயர்த்தினாள்.

"அந்தக் கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

கிழவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"உத்தரவு மகாராணி," என்றார். மாடி வந்து கதவு திறந்தது. அவர் இறங்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.