ஷிம்லாவுக்கு இல்லாத இடம்

கண்டக்குழியில் பளீலாவைத் தெரியாதவர் இல்லை. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு காயப்போட்டு மகள் ஷிம்லாவைத் தனியாக வளர்த்தவள். எங்கள் மாதர் சங்கத்தின் வாயாடியும் அவள்தான். நிக்காஹ் பதிவில் மணமகளும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கொழும்புக் கூட்டம்வரை போய்ப் பேசினாள். பத்திரிகையில் படம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டோம், மடச்சிகள்.

போர் முடிந்து பத்தாம் வருடம் ஷிம்லாவுக்கே கல்யாணம் வந்தது. பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளைக்கு இடம் இருந்தது. பெண்ணுக்காகச் சம்மதம் சொல்லும் வலீக்கு இடம் இருந்தது. பெண்ணுக்கு இல்லை. வலீ யாரென்றால், பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காத சாச்சா, அவள் தகப்பனின் தம்பி ஹாசிம்.

ஒரு கிழமையாகப் பளீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கையெழுத்துக் கேட்டா மாப்புள வூட்டுக்காரங்க கோவிச்சிட்டுப் போயிருவாங்களோ?" என்று என்னிடம் நூறு தரம் கேட்டாள். "கேக்காட்டி நான் மேடையில கதைச்சதெல்லாம் பொய்யா, வதனா?"

எனக்கும் பயம்தான்.

நிக்காஹ் அன்று ஹாசிம் கையெழுத்திட்டதும் பளீலா கூடத்துக்குள் போனாள். "புள்ளைக்கிட்ட ஒருக்காக் காட்டிட்டுத் தாறன்" என்று பதிவுகாரர் மர்ஸூக்கிடம் புத்தகத்தை வாங்கி கூடத்தை ஒட்டிய எங்கள் பெண்கள் அறைக்குக் கொண்டுவந்தாள்.

ஷிம்லா பக்கத்தைப் பார்த்தாள். "எனக்கு எங்க உம்மா இடம்?"

கொழும்பில் மைக் பிடித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் பேனாவை எடுத்து, சாச்சாவின் கையெழுத்துக்குப் பக்கத்து ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்.

"புத்தகத்தப் பழுதாக்கிட்டீங்களே!" அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மர்ஸூக் கத்தினார். "இது சட்டத்துல செல்லாது."

மாப்பிள்ளையின் உம்மா அலீமா எழுந்து நின்றாள். எல்லோரும் கதவு வழியே மாப்பிள்ளை அஃப்ராஸின் முகத்தைப் பார்த்தோம். பளீலாவும்தான். அவன் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட மாட்டானா என்று நானும் காத்திருந்தேன்.

"வச்சா வச்சதுதானே. விடுங்க," என்றான் அவன்.

அலீமா உட்கார்ந்தாள். பளீலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அல்ஹம்துலில்லாஹ், தங்கமான மாப்புள!"

ஷிம்லா பேனாவை இன்னும் கையில் பிடித்திருந்தாள்.

"உம்மா, அவரு வேணாம் எண்டிருந்தா?"

பளீலா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை மூடி மர்ஸூக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.